வயலுக்குப் பெயரான அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்தால் வவுணதீவு. அங்கே எங்கள் வாப்பாவுக்கு ஒரு துண்டு வயல் இருக்கிறது. நாங்கள் குடியிருப்பது வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கமான எழுவான்கரையில். வயல் இருப்பது மேற்கே, சூரியன் படும் பக்கமான படுவான்கரையில். எங்களைப் போல எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு ஒரு கரையிலும் சோறு மறுகரையிலுமாகத்தான் வாழ்க்கை ஓடுகிறது.

பெரும்போக வேளாண்மை வெட்டுக் காலத்தில் வாப்பாவுடன் வயலுக்குப் போவது எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். அறியாதவர் பார்த்தால் வயல்வெளி முழுவதும் ஒரே மஞ்சளாகத்தான் தெரியும். வயற்காரருக்கு அப்படியல்ல. ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. சிலவற்றுக்கு அங்கே நின்ற மரத்தின் பெயர். சிலவற்றுக்குத் தண்ணீர் தரும் குளத்தின் பெயர். சிலவற்றுக்குக் காடு வெட்டிய போடியாரின் பெயர். அந்தப் போடியார் மறைந்து பல காலம் ஆகியிருக்கும். ஆனாலும் உரம் ஏற்றி வரும் உழவு மெசின்காரருக்கு வழி சொல்லும்போது அவருடைய பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

சென்ற பெரும்போகத்தில் வெட்டு முடிந்த ஒரு மாலை, வாடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சம்மாந்துறையிலிருந்து வந்திருந்த வாப்பாவின் உறவினர் ஒருவர் ஒரு செய்தி சொன்னார். கல்முனைப் பக்கத்தில் ஒரு வயல்வெளிக்கு அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் பெயரை விவசாயிகளே வைத்திருக்கிறார்களாம். அதன் பெயர் அஸீஸ்துரைக் கண்டம்.

அஸீஸ் என்ற பெயரை நான் அறிவேன். செனட்டர், கல்லூரி அதிபர், நூலாசிரியர் என்று பாடக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். பரீட்சைக்கு அது போதுமாயிருந்தது. ஆனால் கொழும்பிலே வாழ்ந்த ஓர் அறிஞருக்கும் எமது மண்ணின் வயலுக்கும் என்ன தொடர்பு என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியோடுதான் அன்னாரின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். வாசித்ததை எமது கல்லூரிச் சகோதரிகளுடனும் அவர்களின் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் 1911ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4ஆம் திகதி யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தையார் ஒரு சட்டத்தரணி. யாழ்ப்பாண முஸ்லிம்கள் எண்ணிக்கையில் சிறிய சமூகம். அங்கே ஒரு முஸ்லிம் பிள்ளை உயர்கல்வி பெற வேண்டுமானால் அயலவரின் பாடசாலைகளுக்குத்தான் போக வேண்டும்.

குர்ஆன் ஓதும் பள்ளியில் தொடங்கிய அவருடைய கல்வி, இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் தொடர்ந்தது. சைவப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து தமிழ் கற்ற அந்த முஸ்லிம் மாணவர் தமது மார்க்கத்தை விடவுமில்லை, தமிழை அந்நியமாக நினைக்கவுமில்லை. பிற்காலத்தில் அவர் எடுத்த பல முடிவுகளுக்கு இந்த இளமைக்காலமே வேர் என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கிருந்து கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்றார். 1933ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுச் சிறப்புப் பட்டம் பெற்றார். புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கும் போனார். அதற்கிடையில் இலங்கைச் சிவில் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்ததால் 1935இல் நாடு திரும்பிப் பதவியேற்றார். சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது இலங்கை முஸ்லிம் அவரே.

இன்று எமக்கு இதன் பெருமை முழுதாகப் புரியாது. ஆங்கிலேயர் ஆட்சியில் சிவில் சேவை என்பது நாட்டின் மிக உயர்ந்த உத்தியோகம். ஒரு மாவட்டத்தின் வரி, காணி, நீர்ப்பாசனம், உணவு எல்லாம் அந்தச் சேவையைச் சேர்ந்த சிலரின் கையில்தான் இருந்தன. மக்கள் அவர்களைத் துரை என்றே அழைத்தார்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரருக்கே உரியதாயிருந்த அந்த அழைப்பு, யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஒருவருக்கும் வந்து சேர்ந்தது.

அன்றைய எமது மாவட்டம்

அஸீஸ் எமது பகுதிக்கு வந்த கதையைச் சொல்வதற்கு முன், அன்றைய மட்டக்களப்பு மாவட்டம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். இன்று கல்முனையும் சம்மாந்துறையும் அக்கரைப்பற்றும் அம்பாறை மாவட்டத்தில் இருக்கின்றன. 1961ஆம் ஆண்டில்தான் அந்த மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதுவரை வவுணதீவும் கல்முனையும் ஒரே மட்டக்களப்பு மாவட்டம்தான்.

இந்த மாவட்டத்தின் முதுகெலும்பு வாவி. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு அது கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்திலே ஊர்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ஒரு முஸ்லிம் ஊர், அடுத்து ஒரு தமிழ் ஊர், மீண்டும் ஒரு முஸ்லிம் ஊர். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று எங்கள் பெரியவர்கள் சொல்வது இந்த அமைப்பைத்தான். ஊரெல்லாம் கிழக்கே, வயலும் காடும் குளமும் மேற்கே. மணலில் நெல் விளையாது. ஆகவே எழுவான்கரையில் வாழ்பவர் யாராயினும் மேற்கு நிலத்தை நம்பியே உண்ண வேண்டும்.

இந்த மண்ணுக்கும் முஸ்லிம்களுக்கும் உள்ள உறவு பழையது. 1626ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் கொடுத்து, சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாறு சொல்கிறது. கடல் வாணிபத்தோடு மட்டுமே எம்மை இணைத்துப் பேசுவோர் உண்டு. ஆனால் கிழக்கிலே நாம் நெடுங்காலமாக ஏர் பிடித்தவர்கள்.

1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கட்டிய கோட்டை 1638இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். 1833ஆம் ஆண்டு நாட்டை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோது கிழக்கு மாகாணம் உருவானது. மட்டக்களப்புக் கச்சேரி அந்தப் பழைய கோட்டைக்குள்ளேயே இயங்கியது. கல்முனையிலிருந்து அங்கு வர சுமார் 40 கிலோமீற்றர் பயணம் செய்ய வேண்டும். காணி உறுதிப் பத்திரம் கேட்கவோ ஒரு முறைப்பாடு சொல்லவோ நினைக்கும் ஏழை விவசாயிக்கு, மாட்டு வண்டி ஓடிய காலத்தில் அது எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பாருங்கள்.

1942: பசியின் ஆண்டு

இரண்டாம் உலகப்போர் 1942இல் எமது வாசலுக்கே வந்துவிட்டது. ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு நேரே கடலில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதிலே உயிரிழந்தார்கள். அந்தக் கப்பல் இன்றும் எமது கடலின் அடியில் கிடக்கிறது.

ஆனால் குண்டைவிடப் பெரிய அச்சம் பசி. அக்காலத்தில் இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. பர்மா ஜப்பானியர் வசமானதும் அந்த அரிசி நின்றுவிட்டது. அரிசிக்குக் கூப்பன் வந்தது. நாட்டுக்குச் சோறு போட வேண்டுமானால் நாட்டிலேயே நெல் விளைய வேண்டும். நெல் விளையும் நிலம் எங்கே இருக்கிறது என்று அரசாங்கம் தேடியபோது கண்கள் கிழக்கின் பக்கம் திரும்பின.

அந்த நெருக்கடியிலே கல்முனையில் ஓர் அவசரகாலக் கச்சேரி திறக்கப்பட்டது. அதைப் பொறுப்பேற்று நடத்த உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர்தான் அஸீஸ். அப்போது அவருக்கு வயது முப்பது.

அவருக்கு இடப்பட்ட கட்டளை உணவு உற்பத்தியைப் பெருக்குவது. எல்லோரிடமும் அதிகம் விதையுங்கள் என்று அறிவித்தல் ஒட்டிவிட்டு ஒரு அதிகாரி கச்சேரியில் இருந்திருக்கலாம். ஆனால் விதைப்பதற்கு நிலம் இல்லாதவன் எங்கே விதைப்பான்? கிழக்கிலே வயல் பெரும்பாலும் போடிமார் கையில் இருந்தது. அவர்களின் வயலில் கூலிக்கும் குத்தகைக்கும் உழைத்தவர்கள் ஏராளம். இன்னொரு பக்கம், அரசுக்குரிய காணி காடாகவே கிடந்தது. நிலம் சும்மா இருந்தது, கையும் சும்மா இருந்தது. இரண்டையும் சேர்த்து வைப்பதற்கு ஒரு கையொப்பம் தேவைப்பட்டது.

அஸீஸ் அந்தக் கையொப்பத்தை இட்டார். காடு வெட்டிக் கழனியாக்கக் காணிகள் விவசாயிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. சொந்தமாக ஒரு வரம்பும் இல்லாமல் பிறர் வயலில் நின்றவன் தன் வரம்பைத் தானே கட்டினான். போர்க்காலத்து அவசரம் அவருக்கு அதிகாரத்தைக் கொடுத்தது உண்மை. அதே அவசரம் நாட்டின் எல்லாப் பகுதி அதிகாரிகளுக்கும் இருந்ததுதான். ஆனாலும் விவசாயிகள் தமது நிலத்துக்கு அஸீஸ்துரைக் கண்டம் என்று பெயர் வைத்தது அவரை மனத்தில் வைத்தே.

வாப்பா இதைக் கேட்டபோது ஒரு விளக்கம் சொன்னார். கண்டத்துக்குப் பெயர் வைப்பதற்கு எந்தக் கந்தோரிலும் விண்ணப்பம் கொடுப்பதில்லை. ஒருவர் சொல்ல, மற்றவர் சொல்ல, அது நிலைத்துவிடும். விருப்பமில்லாத பெயரை வயற்காரர் வாயில் யாராலும் திணிக்க முடியாது.

ஒரு சுவாமியும் ஒரு துரையும்

கல்முனையிலிருந்த காலத்தில் அஸீஸுக்குக் கிடைத்த மற்றொரு பேறு சுவாமி விபுலாநந்தரின் நட்பு. 1892இல் கல்முனைக்கு அருகே காரைதீவில் பிறந்த சுவாமி, விஞ்ஞானமும் தமிழும் கற்ற பேரறிஞர். கல்லூரி அதிபர் பதவியை விட்டுத் துறவியாகி, இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளை நடத்தியவர். கல்லடி உப்போடையில் அவர் அமைத்த சிவானந்த வித்தியாலயம் இன்றும் எமது அயலில் கம்பீரமாக நிற்கிறது.

ஒருவர் காவியுடுத்த துறவி. மற்றவர் கச்சேரித் துரை. மார்க்கம் வேறு, வயதும் ஏறக்குறைய இருபது ஆண்டு வேறு. ஆனாலும் இருவரும் ஒரே நோயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கின் பிள்ளைகளுக்கு மூளை இருக்கிறது, படிக்க வழியில்லை என்பதே அந்த நோய். சுவாமி தமது சமூகத்துக்குப் பாடசாலைகள் கட்டியதை அஸீஸ் நேரில் கண்டார். தமது சமூகத்துக்கு யார் செய்வார் என்ற கேள்வி அவரைச் சும்மா இருக்க விட்டிருக்காது.

நிலமில்லாதவனின் பசியைப் பார்த்த அதே கண் படிப்பில்லாத பிள்ளையின் பசியையும் பார்த்தது. கல்முனைக்கு வந்த 1942ஆம் ஆண்டிலேயே அங்கு முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்று மாடு மேய்க்கவும் கடைக்குப் போகவும் செய்த காலம் அது. பெண் பிள்ளைகளின் நிலை சொல்லத் தேவையில்லை. எங்கள் உம்மும்மாவின் தலைமுறையில் பெயரெழுதத் தெரிந்த பெண்ணே ஊரில் பெரிய படிப்பாளி.

சுமார் இரண்டு ஆண்டுகளில் அஸீஸ் கண்டிக்கு மாற்றப்பட்டார். அதிகாரிகள் இடமாற்றம் பெற்றால் ஊரின் கவலையை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது வழக்கம். அஸீஸ் கல்முனையின் கவலையைத் தம்மோடு எடுத்துச் சென்றார். 1945ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார்.

1945இல்தான் இலவசக் கல்வியும் இந்நாட்டில் வந்தது. கட்டணமே இல்லாத நாட்டில் கல்விக்கு ஒரு நிதி எதற்கு என்று கேட்கத் தோன்றும். என் வீட்டைப் பார்த்தே எனக்கு அதன் விடை தெரியும். பாடசாலைக் கட்டணம் இல்லாவிட்டாலும் புத்தகம் உண்டு, உடுப்பு உண்டு, பஸ் காசு உண்டு. தூரத்துப் பல்கலைக்கழகம் என்றால் தங்குமிடம் உண்டு, சாப்பாடு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, உழைக்க வேண்டிய வயதில் ஒரு பிள்ளை உழைக்காமல் படிப்பதால் வீட்டுக்கு வராமற் போகும் வருமானம் உண்டு. அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கதவு வரை நடந்து வர முடியாத பிள்ளைகளுக்காக அஸீஸ் இந்த நிதியை உண்டாக்கினார். அதன் உதவியால் படித்துப் பட்டம் பெற்றவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

அதிபராகவும் செனட்டராகவும்

1948ஆம் ஆண்டு நாடு சுதந்திரமடைந்தது. அந்த ஆண்டில் அஸீஸ் எடுத்த முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியிருக்கும். சிவில் சேவையிலிருந்து விலகிக் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். வெள்ளைக்காரர் போன பின்பு சிவில் சேவையினருக்கு மிக உயர்ந்த பதவிகள் காத்திருந்தன. அப்படிப்பட்ட வேளையில் துரை என்ற அழைப்பை விட்டு சேர் என்ற அழைப்புக்கு வந்தார்.

கலாநிதி ரி.பி. ஜாயா கட்டியெழுப்பிய ஸாஹிறாவை அஸீஸ் 1961 வரை நடத்தினார். அவர் காலத்தை அக்கல்லூரியின் பொற்காலம் என்பார்கள். நாட்டின் பல திசைகளிலிருந்தும் பிள்ளைகள் அங்கு வந்து படித்தார்கள். முஸ்லிம் அல்லாதோருக்கும் அதன் கதவு திறந்தே இருந்தது. பிற்காலத்தில் தமிழுலகம் போற்றிய பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிறாவின் மாணவர். அங்கே ஆசிரியராகவும் இருந்தவர். யாழ்ப்பாணத்தில் இந்துக் கல்லூரி ஒரு முஸ்லிம் பிள்ளைக்குத் தந்ததை, கொழும்பில் முஸ்லிம் கல்லூரி தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்தது என்றே இதை நான் பார்க்கிறேன்.

1950ஆம் ஆண்டு அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவையை நிறுவி ஊரூராக இளைஞர்களைச் சமூகப் பணியில் இணைத்தார். 1952இல் செனட் சபை உறுப்பினரானார். அங்கேதான் அவருக்கு வாழ்வின் கடினமான சோதனை வந்தது.

1956இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் முயற்சி எழுந்தது. அவர் சார்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியும் அந்தக் கொள்கைக்கு மாறியது. கட்சியோடு சேர்ந்து அமைதியாக இருந்தால் பதவிக்குப் பாதுகாப்பு. முஸ்லிம் தலைவர்கள் சிலருக்கு அதுவே சமூகத்துக்கும் பாதுகாப்பு என்ற எண்ணம் இருந்தது. சிறிய சமூகம் பெரிய சமூகத்தைப் பகைக்கலாமா என்ற அச்சத்தை நாம் எளிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் அஸீஸ் கட்சியை விட்டு விலகினார். செனட் சபையிலும் அந்தச் சட்டத்தை எதிர்த்தார். முஸ்லிம்களின் வீட்டு மொழி தமிழ் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தாய் தாலாட்டிய மொழியிலே பிள்ளை படிக்க வேண்டும், கச்சேரியில் விண்ணப்பம் எழுத வேண்டும் என்பது கல்முனையின் ஏழை விவசாயிகளோடு பழகிய ஒருவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விடயமா?

நான் இன்று தமிழ்மொழி மூலம் உயர்தரம் படிக்கிறேன். இக்கட்டுரையைத் தமிழில் எழுதுகிறேன். இது தானாக வந்த வசதி என்றே இதுவரை நினைத்திருந்தேன். இதற்காகப் பேசியவர்கள் இருந்தார்கள், பேசியதற்கு விலை கொடுத்தவர்களும் இருந்தார்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

1963இல் அவர் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் உறுப்பினரானார். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய இலங்கையில் இஸ்லாம் என்ற நூல் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. மொழிபெயர்ப்புக் கலை, மிஸ்றின் வசியம், கிழக்காபிரிக்கக் காட்சிகள், தமிழ் யாத்திரை என்பனவும் அவர் எழுதிய நூல்கள். கேம்பிரிட்ஜ் வரை சென்று ஆங்கிலம் கற்றவர், தமது பயணங்களையும் ஆராய்ச்சியையும் எங்கள் உம்மாமாரும் வாசிக்கக்கூடிய மொழியிலே எழுதி வைத்துப் போனார்.

1973ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆம் திகதி அறிஞர் அஸீஸ் இறையடி சேர்ந்தார். வயது 62. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் நடத்திய தனது முதலாவது பட்டமளிப்பு விழாவில், மறைந்த அவருக்கு இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1986இல் அரசாங்கம் அவருக்கு முத்திரை வெளியிட்டது.

எங்கள் வீட்டுக் கணக்கு

இங்கே எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வருடம் மாரி மழையில் வயல் நீருள் போனது. விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடன் மட்டும் மிஞ்சியது. அந்த வருடம் என்னோடு படித்த தோழி ஒருத்தி சாதாரண தரத்தோடு நின்றுவிட்டாள். அவளுடைய வாப்பாவும் படுவான்கரையில்தான் குத்தகைக்கு வயல் செய்கிறார். வீட்டில் மூன்று பேரின் செலவைத் தாங்க முடியாதபோது முதலில் நிறுத்தப்பட்டது அவளுடைய படிப்பு. கணக்கிலே என்னைவிடக் கெட்டிக்காரி. இப்போது வீட்டில் தையல் தைக்கிறாள். என்னைக் கண்டால் பாடத்தைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வராமலில்லை. எந்தப் பல்கலைக்கழகம் கிடைக்கும் என்பதை இசட் புள்ளிதான் தீர்மானிக்கும். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கிடைத்தால் நல்லது. அதைவிடத் தூரம் என்றால் பெண் பிள்ளையைத் தனியே அனுப்புவதா, அதற்குப் பணம் எங்கே என்று இரவிலே வாப்பாவும் உம்மாவும் பேசிக்கொள்வது என் காதில் விழுந்திருக்கிறது. நான் வாப்பாவைக் குறை சொல்லவில்லை. வெள்ளம் வந்த வருடத்திலும் அவர் என் வகுப்புக் காசை நிறுத்தியதில்லை. உம்மாவின் காப்பு அடகுக்குப் போனது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அஸீஸின் வாழ்க்கையை வாசிக்கும்போது எனக்கு ஒரு குறையும் தோன்றியது. கல்முனைக் கச்சேரியிலும் ஸாஹிறாவிலும் செனட் சபையிலும் நான் வாசித்த பெயர்களெல்லாம் ஆண்களின் பெயர்கள். அது அந்தக் காலத்தின் குறை. ஆனால் அவர் நட்ட கன்றின் நிழலில் இன்று நாங்களும் நிற்கிறோம். அவர் காலத்தில் பட்டம் பெற்ற முஸ்லிம்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிழக்கில் ஒரு பல்கலைக்கழகம்கூட இருக்கவில்லை. இன்று இரண்டு இருக்கின்றன. அவற்றில் பெண் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். எமது கல்லூரியிலிருந்தும் ஒவ்வோர் ஆண்டும் அக்காமார் போகிறார்கள்.

ஆகவே பெற்றோரிடம் ஒன்று பணிவாகக் கேட்கிறேன். எங்களிடம் பணம் இல்லை என்பது வெட்கப்படும் விடயமல்ல. உதவி நிதிகள் இருக்கின்றன, மஹாபொல இருக்கிறது, படித்து முன்னேறிய ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்டுப் பார்க்காமல் ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பெண் பிள்ளை என்பதற்காக அவளிலிருந்து தொடங்காதீர்கள். சகோதரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். நாளை எமக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தால், முதலாவது சம்பளத்தில் எவ்வளவு சிறிய தொகையானாலும் பின்னால் வரும் ஒரு பிள்ளைக்கு ஒதுக்குவோம்.

இந்தக் கதையை நான் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை வயலிலிருந்து திரும்பி வரும்போது, வலையிறவுப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, பல்கலைக்கழக விண்ணப்பம் எப்போது வரும் என்று மட்டும் கேட்டார். பெறுபேறு வந்த பிறகுதான் வரும் என்றேன். அப்படியானால் அதுவரை மனதைப் போட்டு அலட்டாமல் படி என்று சொன்னார். தூரமா, கிட்டவா என்று கேட்கவில்லை. எனக்கு அதுவே போதும்.

என் தோழியின் வீட்டுக்கும் ஒரு நாள் இந்தக் கட்டுரையோடு போக நினைத்திருக்கிறேன். அவளுடைய சாதாரண தரப் பெறுபேறு நல்ல பெறுபேறு. அடுத்த உயர்தர வகுப்பு தொடங்க இன்னும் நாள் இருக்கிறது.

அல்லாஹ் அறிஞர் அஸீஸ் அவர்களின் நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக. அன்னாருக்கு ஜன்னதுல் பிர்தவ்ஸ் என்னும் உயர்ந்த சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.